ஐப்பசி பிறக்குமுன் மீட்டரைப் பாருங்கள்

புரட்டாசி முடியப்போகிறது. பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கறுத்தால், ராத்திரிக்குள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுவர் நனைந்துவிடும். அந்த ஈரம் சுவருக்குள் இருக்கும் வயரை எட்டுவதற்கு முன், இந்த வாரமே ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். இன்வர்ட்டரையும் நிறுத்துங்கள். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். இப்போது மீட்டரில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் கவனியுங்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே இருக்கும். பல மீட்டர்களில் 3200. வீட்டில் எதுவுமே ஓடாதபோது அது மின்னக் கூடாது. விட்டுவிட்டு மின்னினால் கரண்ட் எங்கோ கசிகிறது. எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் மின்னுவது நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. வயர்மேனைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள்.

ஆடிப்பூரத் தேர் ரத வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புகிற மாதிரி, ஃபேஸில் வருகிற கரண்டும் நியூட்ரல் வழியே திரும்பியாக வேண்டும். திரும்ப வழியில்லாவிட்டால் ஓட்டமே இல்லை. பல்பு இல்லாத ஹோல்டருக்கு ஸ்விட்ச் போட்டு வைத்தாலும் மீட்டர் நகராதது அதனால்தான். ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் திரும்பும் பாதை அறுபடாமலே இருக்கிறது. அவை இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

ஈரச் சுவர் நம்மைக் கேட்காமலே இன்னொரு பாதையைத் திறந்துவிடுகிறது, ஃபேஸிலிருந்து நேராக மண்ணுக்கு. அப்படிப் போவதையும் மீட்டர் கணக்கில் ஏற்றும். 0.1 ஆம்பியர் கசிந்தால் 230 வோல்ட்டில் 23 வாட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 33 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டை எல்லை தாண்டவைக்க இது போதும். தாண்டினால் முதலில் ஓடிய யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

பணத்தை விடுங்கள். அதே 0.1 ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் ஆளைக் கொன்றுவிடும். ஃபியூஸ் கட்டையோ எம்.சி.பி.யோ இதைத் தடுக்காது. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் தாண்டினால்தான் அவற்றுக்கு வேலை. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். தீபாவளிக்கு என்ன வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் இதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மரப்பட்டை வயரிங் இன்னும் இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்காரர்களும், தளவாய்புரம் பக்கம் வீட்டிலேயே மோட்டார் வைத்த தையல் மெஷின் ஓட்டுகிறவர்களும் வயர்மேனிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் ஃபேஸ் வயரில் இருக்கிறதா, தவறி நியூட்ரலில் போட்டிருக்கிறதா? நியூட்ரலில் இருந்தால், அணைத்த மெஷினிலும் ஃபேஸ் காத்திருக்கும். எர்த் வயர் அறுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, டிவி பிளக்கையே பிடுங்குங்கள். மின்கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ சர்வீஸ் பைப்பிலோ துணிக்கொடி கட்டாதீர்கள், ஆடு மாட்டையும் கட்டாதீர்கள். வீட்டுத் துணிக்கொடியே இரும்புக் கம்பியாக இருந்தால் அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சம்ப் மோட்டாரைத் தொட்டு ஒருமுறை சுருக்கென்றாலும், பழுது பார்க்கும்வரை அதைப் போடாதீர்கள்.

மழைக்குப் பிறகு தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள்: 94987 94987. இரவிலும் எடுப்பார்கள்.