டிஸ்பேஸ் புதிய பதிப்புக்கு மாறப்போகும் இளம் நூலகர்களுக்கு

கல்லூரி நூலகத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே, “டிஸ்பேஸ் இனிமே உங்க பொறுப்பு” என்று ஒரு சர்வரையும் அதன் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதன் பின்னாலேயே, “புது வெர்ஷன் வந்திருக்காமே, போட்டுடுங்க” என்ற கட்டளையும் வருகிறது. ஆய்வேடுகள், பழைய வினாத்தாள்கள், ஆண்டு மலர்கள், ஆசிரியர்களின் கட்டுரைகள் என்று அந்தக் கல்லூரி சேர்த்ததெல்லாம் அந்தச் சர்வருக்குள்தான் இருக்கிறது. நெடுங்காலம் இதே வேலையில் இருப்பவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. உங்களிடம் ஓடுவது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். எம்ஐடி நூலகமும் ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகமும் சேர்ந்து 2002 நவம்பரில் வெளியிட்ட திறமூலக் களஞ்சிய மென்பொருள் டிஸ்பேஸ். 6ஆம் பதிப்பு 2016இல் வந்தது. 7 வருவதற்கு 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதன்பின் 2024இல் 8, 2025இல் 9. இதில் கவனிக்க வேண்டியது, 5ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 ஜனவரியிலும், 6க்கானது அதே ஆண்டு ஜூலையிலும் முடிந்துவிட்டன. இனி அவற்றில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தென்பட்டால் அடைத்துத் தர ஆளில்லை. “நல்லாத்தானே ஓடுது” என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் இந்த இரண்டு தேதிகளையும் எழுதிக் காட்டுங்கள்.

2. 6இலிருந்து 7க்குப் போவது வழக்கமான அப்டேட் அல்ல. அதுவரை ஜேஎஸ்பியூஐ, எக்ஸ்எம்எல்யூஐ என்று இரண்டு முகப்புகள் இருந்தன. 7இல் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். இப்போது பின்னணியில் ஒரு சர்வர், முன்னால் ஆங்குலரில் எழுதிய தனி முகப்பு, நடுவில் ரெஸ்ட் ஏபிஐ. கல்லூரிச் சின்னமும் வண்ணமும் வைத்து நீங்கள் இழைத்த பழைய முகப்பில் ஒரு வரிகூட உடன் வராது. இதை வேலை தொடங்கும் முன்பே முதல்வரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும்.

3. பேக்கப். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். டிஸ்பேஸ் உங்கள் கோப்புகளை அசெட்ஸ்டோர் என்ற அடைவில் வைக்கிறது. அதைத் திறந்து பார்த்தீர்களானால் எண் பெயரிட்ட அடைவுகள், அவற்றுக்குள் அடைவுகள், கடைசியில் நீளமான எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புகள். ‘ஆய்வேடு.பிடிஎஃப்’ என்று எதுவும் இருக்காது. எந்த எண் யாருடைய ஆய்வேடு என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். ஆகவே அசெட்ஸ்டோரை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு “பேக்கப் இருக்கு” என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டேட்டாபேஸ் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள்தான். டேட்டாபேஸ் மட்டும் இருந்தாலோ கோப்பில்லாத அட்டவணைதான். இரண்டையும் ஒரே இரவில் எடுங்கள். கூடவே நிறுவனத்தின் அமைப்புகள் அடங்கிய கன்ஃபிக் கோப்பையும் எடுங்கள். பார்வை, பதிவிறக்கக் கணக்குகள் சோலர் என்ற தேடல் மென்பொருளில் தனியாக இருக்கின்றன. பழைய பதிப்பில் சோலர் டிஸ்பேஸுடனேயே வந்தது. 7 முதல் அதைத் தனியே நிறுவ வேண்டும். எனவே பழையதை நிறுத்தும் முன் கணக்குகளை ஏற்றுமதி செய்து வையுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அந்த எண்களைக் கேட்கக்கூடும். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்காத வரை அதைப் பேக்கப் என்று சொல்லாதீர்கள்.

4. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேலேயே புதியதை நிறுவாதீர்கள். தனிக் கணினி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நினைவகம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம். அங்கே புதிய பதிப்பை ஏற்றி, டேட்டாபேஸின் நகலைக் கொண்டுவந்து, இடமாற்றக் கட்டளையை ஓட்டுங்கள். 5, 6 இரண்டிலிருந்துமே நேராகப் புதிய பதிப்புக்குப் போகலாம். அட்டவணைகளை அதுவே படிப்படியாக மாற்றிக்கொள்ளும். முடிந்ததும் தேடல் குறியீட்டை முழுதாக மறுபடி கட்டுங்கள். 7ஐ இயக்க டாம்கேட் 9 வேண்டும். 8க்கு டாம்கேட் 10, ஜாவா 17. ஒரு பதிப்புக்கான காணொளியைப் பார்த்து இன்னொன்றை நிறுவினால் எங்கே தவறியது என்றே தெரியாமல் நாள் கழியும். அதிகாரபூர்வக் கையேட்டில் உங்கள் பதிப்புக்கான பக்கத்தையே பின்பற்றுங்கள். இன்னொன்று: புதிய அமைப்பு எச்டிடிபிஎஸ் இல்லாமல் சரிவர வேலை செய்யாது. முகப்பு திறக்கும், லாகின் ஆகாது. சான்றிதழை முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

5. ஹேண்டில் என்பது ஆவணத்தின் நிரந்தர முகவரி. மென்பொருள் மாறலாம், சர்வர் மாறலாம், கல்லூரியின் இணையப் பெயர்கூட மாறலாம். ஹேண்டில் மாறக் கூடாது. யுஜிசியின் 2009 ஒழுங்குமுறைக்குப் பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா டிஸ்பேஸில்தான் இயங்குகிறது. அதன் ஹேண்டில் முன்னொட்டு 10603. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் அந்த எண் அச்சாகிவிட்டது. அச்சானதை யாரும் திருத்த முடியாது. இப்போது உங்கள் களஞ்சியத்தின் முகவரியைப் பாருங்கள். 123456789 என்று இருக்கிறதா? அது நிறுவும்போது மாதிரிக்காக மென்பொருள் வைத்திருக்கும் எண். உலகெங்கும் பல களஞ்சியங்கள் அதே எண்ணோடு இருக்கின்றன, ஆகையால் அது யாருக்கும் நிரந்தர முகவரி ஆகாது. ஹேண்டில் அமைப்பில் பதிந்து ஆண்டுதோறும் சிறு கட்டணம் கட்டினால் உங்களுக்கென்று ஓர் எண் கிடைக்கும். பதிப்பு மாறும் இந்தச் சமயத்திலேயே அதைச் செய்துவிடுங்கள். முன்னொட்டை மாற்றும் கட்டளை டிஸ்பேஸிலேயே உண்டு. அதற்கு முன், பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை வெப் சர்வரில் வைத்துவிடுங்கள். கட்டணத்துக்கு அலுவலகத்தில் தயங்கினால் விடாமல் கேளுங்கள்.

6. மெட்டாடேட்டாவைச் சுத்தம் செய்தபின் இடம் மாறுங்கள். குப்பையோடு போனால் புது வீட்டிலும் குப்பைதான். பெயர்களில்தான் நமக்குப் பெரிய சிக்கல். 6 வரை இருந்த பதிவேற்றப் படிவம் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகளில் கேட்டது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஒருவர் தலைப்பெழுத்தை முதல் பெட்டியில் போட்டார், இன்னொருவர் இரண்டாவதில் போட்டார், வேறொருவர் தந்தை பெயரை முழுதாக எழுதினார். விளைவு, மு. குமரன் என்ற ஒரே பேராசிரியர் ஆசிரியர் பட்டியலில் நான்கு பேராக நிற்கிறார். உங்கள் நூலகத்துக்கு ஒரே விதி வகுத்து, அதை எழுதிவைத்து, தொகுப்பு தொகுப்பாக சிஎஸ்வி கோப்பில் இறக்கித் திருத்துங்கள். ஒரே புலத்தில் பல மதிப்புகள் இருந்தால் நடுவில் இரட்டைச் செங்குத்துக் கோடு இருக்கும், அதைக் கலைத்துவிடாதீர்கள். எக்செலில் அப்படியே திறந்து சேமித்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்துபோகக்கூடும். லிப்ரே ஆபிஸில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறங்கள்.

7. தமிழ் ஆய்வேடுகளுக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. பதிவேற்றிய பிடிஎஃபிலிருந்து டிஸ்பேஸ் உரையைப் பிரித்தெடுத்துத் தேடலில் சேர்க்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேட்டில் அது பிரித்தெடுப்பது தமிழல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் அகப்படாது. ஸ்கேன் செய்ததாக இருந்தால் உரையே இருக்காது. உங்கள் களஞ்சியத்தில் ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்து, ஒரு சொல்லை நகலெடுத்து, வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வரவில்லையென்றால் அந்த ஆய்வேடு தேடுபவருக்கு இல்லாததற்குச் சமம். எந்தப் புதிய பதிப்பும் இதைச் சரிசெய்யாது, நாம்தான் செய்ய வேண்டும். டெசரக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் அச்செழுத்தைப் படிக்கும். எல்லாவற்றையும் உடனே படிக்கவைக்க முடியாது என்றால், தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், குறிச்சொற்கள் மூன்றையுமாவது யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து சேருங்கள். ஓர் ஆராய்ச்சி மாணவி ஐந்தாண்டு உழைத்து எழுதியதை யாரும் கண்டுபிடிக்க முடியாமல் கிடக்க விடுவது அநியாயம்.

8. மாறியபின் லாகின் செய்யாமல், வெளியாளாக உலவிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு மூடிவைக்கச் சொன்ன ஆய்வேடு திறந்து கிடக்கிறதா, திறந்திருக்க வேண்டியது பூட்டியிருக்கிறதா என்று தொகுப்புக்குத் தொகுப்பு பாருங்கள்.

9. உங்கள் பதிவுகளை அறுவடை செய்து தங்கள் தளத்தில் காட்டும் சேவைகள் இருந்தால், அறுவடைக்குப் பயன்படும் ஓஏஐ முகவரி மாறிய செய்தியை அவர்களுக்கு எழுதுங்கள்.

10. புதிய பதிப்பில் ஆட்கள், திட்டங்கள், துறைகள் என்று தனிப் பதிவுகளை உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் ஆறாவது அறிவுரையை முடிக்காதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். நான்கு குமரன்களுக்கும் நான்கு பக்கங்கள் உருவாகும்.

11. செய்த ஒவ்வொரு கட்டளையையும், மாற்றிய ஒவ்வொரு வரியையும் தேதியோடு எழுதிவையுங்கள். ஒப்பந்தப் பணியில் இருக்கும் நீங்கள் நாளை வேறு ஊருக்குப் போகலாம். அடுத்து வருகிறவருக்கு அந்தக் குறிப்பேடுதான் துணை.

12. டிஸ்பேஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதனால் செலவே இல்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. சர்வருக்கும், பேக்கப்புக்கும், ஹேண்டிலுக்கும், இதைக் கற்றுச் செய்யும் ஆளின் நேரத்துக்கும் பணம் வேண்டும். முதன்மைப் பதிப்புகளில் இப்போது கடைசி மூன்றுக்குத்தான் ஆதரவு என்பதால், இந்த வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். இன்னும் 5இலோ 6இலோ இருப்பவர்கள் வரும் நிதியாண்டுக்கான நூலகக் கோரிக்கையிலேயே இதற்கென்று ஒரு தொகையைச் சேர்த்துக் கேளுங்கள்.