முதிய பெற்றோருக்குப் பணிவிடை: கடமை யாருடையது?

ஒரு மனிதர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டார். பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று பெருமானார் வினவினார்கள். ஆம் என்றார் அவர். அவ்விருவருக்கும் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது.

உத்திரமேரூர் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூத்த மகன் வளைகுடாவில். இளையவனுக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகள் புகுந்த வீட்டில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அத்தாவின் அருகில் இருப்பவள் மருமகள் ஒருத்திதான். மாதந்தோறும் பணம் வருகிறது. ஆனால் ஒளுச் செய்யத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. பணம் அனுப்பியதோடு கடமை தீர்ந்ததா?

மார்க்கச் சட்டம்

வறிய பெற்றோரைப் பராமரிப்பது வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. ஆகவேதான் அவர்களுக்குத் தம் ஜகாத்தைக் கொடுக்க அனுமதியில்லை. கடமையான செலவை ஜகாத்தில் கழிக்க முடியாது. திருமறையின் 17வது அத்தியாயம் 23, 24 வசனங்களோ செலவோடு நிறுத்தவில்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டுவதையும் தடுத்து, பணிவையும் அன்பையும் கட்டளையிடுகின்றன.

மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது ஃபர்ளு அல்ல. அவள் செய்வது உபகாரம். அல்லாஹ்விடம் அதற்குப் பெரும் கூலி உண்டு. ஆனால் கடமை பிள்ளைகளுடையது. அவள் தலையில் முழுவதையும் சுமத்திவிட்டு, குறை மட்டும் சொல்வது அநீதியாகும். படுக்கையிலுள்ள ஆண்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்றவற்றை மகனோ மற்றோர் ஆணோ செய்வதே ஏற்றது.

முறை வைத்துக் கொள்க

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், பராந்தக சோழன் காலத்து, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலையில் பெயர் எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஓராண்டுக்கு வேலையை ஒப்படைத்த விதம் அதில் உள்ளது. எல்லாருடைய வேலையும் இன்னாருடையது என்று பெயர் சொல்லி வைத்தால்தான் நடக்கும். வீட்டிலும் அப்படியே. உடன்பிறந்தவர்கள் கூடி அமர்ந்து, மருந்து யார், மருத்துவமனை யார், வெள்ளிக்கிழமைக் குளியல் யார், செலவில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர், தமக்குப் பதிலாக ஓர் உதவியாளரின் சம்பளத்தை ஏற்கட்டும். நாள்தோறும் தொலைபேசியில் பேசட்டும்.

படுத்த நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தபடி சைகையாலும் தொழலாம். தண்ணீர் கேடு செய்யுமானால் தயம்மும் உண்டு. நேரம் சொல்லி, தொழுகைக்கு உதவுவதும் பணிவிடையே.

வெளியே கிடைக்கும் உதவி

2021 ஆகஸ்ட் 5ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளுடன் இயன்முறைச் சிகிச்சையும், நோயின் வேதனை தணிக்கும் பராமரிப்பும் வீடு தேடி வருமாறு வகை செய்யப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 14567 என்பது முதியோர் உதவி எண்.

கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கோரலாம். வீட்டை ஹிபாவாக எழுதிக் கொடுப்பவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது நன்று. அது மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோர இச்சட்டத்தின் 23வது பிரிவு வழி தருகிறது.

ஜமாஅத்தின் பங்கு

பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் பிச்சை எடுப்பதைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவ உத்தரவிட்டார்கள் என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதியுள்ளார்கள். மாற்று மதத்தவருக்கே அப்படியென்றால், நம் மஹல்லாவில் பிள்ளையற்ற முதியவர் பசித்திருக்கலாமா? ஜும்ஆவுக்கு வராத முதியவர்களின் பட்டியல் ஒன்று பள்ளிவாசலில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் சென்று பார்க்கட்டும்.

இன்றிரவே வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: நாளை காலை அத்தாவுக்கு, அம்மாவுக்கு ஒளுத் தண்ணீர் கொடுக்கப் போவது யார்? பதிலில் நம் பெயர் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.