ஆட்டத்தை மாற்றினால்

உடற்கல்வி நேரம் வந்தால் வகுப்பே திடலுக்கு விரையும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அப்போது என்ன வேலை கிடைக்கிறது? பல வேளைகளில், புள்ளிகளைக் குறித்து வைக்கும் வேலைதான். அடிபட்டுவிடுமோ என்ற அக்கறையில் அவரை ஓரமாக அமர்த்திவிடுகிறோம். ஆனால், நெடுநேரம் அமர்ந்தே இருக்கும் உடலில் தசைகள் இறுகும், மூட்டுகள் விறைக்கும். அசைவு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போகிறது. மாற்றுத்திறனாளிச் சிறுவர்களுக்கும் இளையர்களுக்கும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. மற்ற மாணவர்களுக்கும் அதே 60 நிமிடம்தான்.

மாணவர் ஆட்டத்துக்குப் பொருந்தாவிட்டால், ஆட்டத்தை மாணவருக்குப் பொருத்தலாம். பெருமூளை வாதம் உடையோர் ஆடும் ‘போச்சியா’ அதற்கு நல்ல சான்று. 1984 முதல் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் இவ்வாட்டத்தில், முதலில் ஒரு வெள்ளைப் பந்து வீசப்படும். அதுவே இலக்கு. ஒரு தரப்புக்குச் சிவப்புப் பந்துகள் ஆறு. மறு தரப்புக்கு நீலப் பந்துகள் ஆறு. யாருடைய பந்து வெள்ளைப் பந்தை நெருங்கி நிற்கிறதோ அவருக்கே புள்ளி.

கையால் வீச இயலாதவர் காலால் உதைக்கலாம். அதுவும் இயலாதவருக்கு ஒரு சரிவுப் பாதை உண்டு. அதன்மேல் பந்தை வைத்து உருட்டிவிடலாம். விரலை அசைக்க முடியாதவர், தலையில் பொருத்திய கோலால் பந்தை விடுவிப்பார். பாதையை நகர்த்தித் தர உதவியாளர் ஒருவர் இருப்பார். அவர் களத்துக்கு முதுகு காட்டியே அமர வேண்டும். திரும்பிப் பார்த்தல் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்பதை எல்லாம் ஆட்டக்காரரே சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பார். இவ்வாட்டத்தின் அழகே இந்த விதியில்தான் இருக்கிறது. உதவி உண்டு, முடிவு மட்டும் ஆடுபவருடையது.

பார்வையற்றோருக்கான ‘கோல்பால்’ ஆட்டத்திலோ பந்துக்குள் மணி ஒலிக்கும். ஓரளவு பார்வை உள்ளவரும் கண்ணை மறைத்துக்கொண்டே ஆடுவர். பந்து உருளும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக்கூடாது!

கற்றல் குறைபாடு உடையோருக்குச் சில வேளைகளில் விதியை மாற்றவே தேவையில்லை. சொல்லித்தரும் முறையை மாற்றினால் போதும். நீளம் தாண்டுதலை ஓட்டம், உந்துதல், தரையிறங்குதல் எனப் பிரித்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டலாம். பெர்லிஸ் மாநிலத்தைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் ரோம்லி 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உடையோர் பிரிவில் 7.60 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அது அப்போது உலகச் சாதனை.

பள்ளியில் போச்சியா ஆட விலையுயர்ந்த பொருள்கள் வேண்டியதில்லை. பழைய காலுறையில் அரிசியை நிரப்பி இறுகக் கட்டினால் பந்து கிடைத்துவிடும். நெகிழிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சரிவுப் பாதையும் ஆயிற்று. ஒரு வகுப்பறையின் மேசைகளை ஒதுக்கிவிட்டால் களமும் தயார்.