நினைவக எல்லை

வினா: 8 ஜிகாபைற்று பிரதான நினைவகம் (ரம்) உள்ள கணினியிலும், 2005இல் கணினிக்கு வந்த 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ: சான் அண்ட்ரியாஸ்' விளையாட்டிற் பெரிய படக்கோப்புகளைச் சேர்த்தால் அது இடையில் நின்றுவிடலாம். ஏன்?

விடை: இது 32 பிற்று மென்பொருள். 32 பிற்றுகளால் 2³² = 4,294,967,296 முகவரிகளையே குறிக்கலாம். முகவரி ஒன்றுக்கு ஒரு பைற்று. ஆகவே 4 ஜிகாபைற்று. அதிலும் இத்தகைய மென்பொருளுக்கு விண்டோஸ் வழமையாக 2 ஜிகாபைற்றையே வழங்கும்.

விளக்கம்: திருகோணமலைத் துறைமுகம் எவ்வளவு பெரிதாயினும், அங்கு நிற்கும் வள்ளம் தன் கொள்ளளவுக்கு மேல் ஏற்றினால் மூழ்கும். துறைமுகம் பிரதான நினைவகம், வள்ளம் மென்பொருள். மாணவர்களே, பெற்றோரிடம் பணம் கேட்டு மேலும் நினைவகம் வாங்கினாலும் வள்ளம் பெரிதாகாது.

நினைவிற் கொள்க: "நினைவகம் போதாது" என எழுதாதீர்கள், "முகவரி எல்லை கடந்தது" என எழுதுங்கள்.