ஃபிலிம் கேமராவில் முப்பரிமாணப் படம்: வில்லியனூர், பாகூர் காட்சிகளோடு ஒரு வழிகாட்டி

நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. அதனால் ஒரே காட்சி இரண்டிலும் சற்று மாறி விழுகிறது. அந்த மாற்றத்தையே மூளை ஆழமாக உணர்கிறது. இதை 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டி அந்த ஆழத்தை உண்டாக்கும் கலை தமிழகத்திலும் பழையது: மதுரை, திருச்சி, தஞ்சாவூர்க் காட்சிகளை லின்னேயஸ் டிரைப் 1858-லேயே இரட்டைப் படங்களாக வெளியிட்டார்.

1. கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

வில்லியனூர்த் தேரோட்டம் போல அசையும் காட்சிக்கு, இரு படங்களும் ஒரே நொடியில் பதிய வேண்டும். அதற்கு இரட்டை லென்ஸ் கேமரா தேவை. 1947-ல் அமெரிக்காவில் அறிமுகமான ஸ்டீரியோ ரியலிஸ்ட் இன்றும் பழைய கேமரா சந்தையில் கிடைக்கிறது. இந்த நூற்றாண்டில் புதிதாக வந்தவை மிகக் குறைவு. ஜப்பானின் ஹார்ஸ்மன் 3டி (2006) அவற்றுள் ஒன்று. கோபுரம், சிற்பம், சுடுமண் பொம்மை போன்ற அசையாத பொருள்களுக்குச் சாதாரண எஸ்.எல்.ஆர். கேமராவே போதும். 36 படங்கள் கொண்ட ரோலில் 18 ஜோடிகள் எடுக்கலாம்.

2. இடைவெளியைக் கணக்கிடுதல்

முதலில் பார்க்க வேண்டியது, சட்டகத்துக்குள் மிகக் கிட்டத்தில் இருக்கும் பொருளின் தூரம். அதை 30-ஆல் வகுத்தால், இடப்படத்துக்கும் வலப்படத்துக்கும் இடையே கேமராவை நகர்த்த வேண்டிய அளவு கிடைக்கும். இது 50 மி.மீ. லென்ஸுக்குப் பொருந்தும்.

• பாகூர் ஏரிக்கரையில் 6 மீட்டரில் ஒரு பனைமரம்: 20 செ.மீ.
• வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் கோபுரம், முன்னால் வேறு பொருள் இல்லாமல் 30 மீட்டரில்: 1 மீட்டர்.
• புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் பொம்மை, 60 செ.மீ.யில்: 2 செ.மீ.

இடைவெளி கூடினால் கண் வலிக்கும். குறைந்தால் படம் தட்டையாகும். பொம்மைக்குப் பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, தூரத்துப் பொருள்களை மறைத்துவிட வேண்டும்.

3. ஒளியும் கூர்மையும்

முப்பரிமாணப் படத்தில் கண் எல்லா இடத்துக்கும் போகும். மங்கலான இடம் உறுத்தும். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில், நல்ல வெயிலில் எஃப்/16, 1/125 நொடி சரியாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸை 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். பாகூர் வயல்களுக்குக் காற்று எழாத காலை நேரமே ஏற்றது. நெற்பயிர் ஆடினால் இரு படங்களும் பொருந்தா.

4. எடுக்கும் முறை

டிரைபாடில் ஒரு சறுக்குப் பட்டையைப் பொருத்தி, நீர்மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் டிரைபாட் வைக்க முன்னதாக அனுமதி கேட்பது அவசியம். எப்போதும் இடப்படத்தையே முதலில் எடுத்து, கேமராவைத் திருப்பாமல் நேராக வலப்பக்கம் நகர்த்தி அடுத்ததை எடுக்க வேண்டும். ஒளி அளவையும் ஃபோகஸையும் நடுவில் மாற்றக்கூடாது. பட்டை இல்லாதவர்கள் இடக்காலில் ஊன்றி ஒன்றும், உடல் எடையை வலக்காலுக்கு மாற்றி மற்றொன்றும் எடுக்கலாம்; இம்முறையில் இடைவெளி ஏறக்குறைய கண்ணளவில் அமையும்.

5. கழுவி, ஒட்டிப் பார்த்தல்

ரோலைக் கழுவும் லேபில், இரண்டு படங்களுக்கும் ஒரே நிறமும் ஒரே வெளிச்சமும் வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரிண்டையும் 6 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, இடப்படம் இடப்பக்கமாக அருகருகே அட்டையில் ஒட்டலாம். எது இடப்படம் என்ற ஐயம் வந்தால், கிட்டப் பொருளைப் பின்னணியோடு ஒப்பிட வேண்டும்: அது அதிகமாக வலப்பக்கம் ஒதுங்கித் தெரிவதே இடப்படம். மாற்றி ஒட்டினால் ஆழம் தலைகீழாகி, பனைமரம் ஏரிக்குப் பின்னால் போய்விடும்.

மிகக் கிட்டத்துப் பொருள், இரு படங்களிலும் இட ஓரத்திலிருந்து ஒரே தொலைவில் நிற்க வேண்டும். இதற்கு இடப்படத்தின் இட ஓரத்தையும் வலப்படத்தின் வல ஓரத்தையும் சம அளவு வெட்ட வேண்டும். அப்போது காட்சி ஜன்னலுக்கு அப்பால் விரிவதுபோல் அமையும். மேல்-கீழ் மட்டமும் ஒத்திருந்தால், இரட்டைக் குவிலென்ஸ் பார்வைப் பெட்டியில் பனையும் ஏரியும் அக்கரையும் தனித்தனி அடுக்குகளாக விலகி நிற்கும்.