உயர்தரம் எழுதிய பிள்ளையும் அவுஸ்திரேலியா வீசாவும்

தாயோ தந்தையோ அவுஸ்திரேலியாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருக்க, பிள்ளை இங்கே உம்மம்மாவின் வீட்டில் நின்று படிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. "நம்மட பிள்ளைதானே, எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கொள்ளலாம்" என்று கவலையில்லாமல் இருக்கிறார்கள். 18 வயது வரை அது ஓரளவு சரி. அதற்குப் பிறகு சட்டம் வேறு கேள்விகளைக் கேட்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குரியது 101 ஆம் இலக்க வீசா. விண்ணப்பிக்கும் நாளில் 25 வயது பூர்த்தியாகி இருக்கக் கூடாது. 18 ஐத் தாண்டிய பிள்ளை, 18 ஆனதிலிருந்தோ, அவர்களது 12 ஆம் வகுப்புக்குச் சமமான படிப்பை முடித்து ஆறு மாதத்துக்குள் அல்லது நியாயமான காலத்துக்குள்ளோ, முழுநேரப் பாடநெறி ஒன்றில் சேர்ந்து படித்துக் கொண்டிருக்க வேண்டும். அதுவும் தொழில் தகைமையொன்றைத் தரும் பாடநெறியாக இருக்க வேண்டும். மாலை நேர ஆங்கில வகுப்பை நம்பி விண்ணப்பிப்பது வீண் வேலை.

நமது நாட்டில் சிக்கல் இந்த ஆறு மாதத்தில்தான். 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை பிள்ளை வீட்டில். சும்மா இருக்கும் மகனைக் கடையில் நிறுத்துவது வியாபாரிகளாகிய நமது வழக்கம். நானும் என் மகனை நிறுத்தியவன்தான், தொழில் பழக அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் இந்த வீசாவுக்கு முழுநேர வேலை ஆகாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன் பரீட்சை எழுதிய கையோடு மாமாவின் துணிக்கடையில் காசாளராக இரண்டு வருடம் இருந்துவிட்டு, பிறகு டிப்ளோமா ஒன்றில் சேர்ந்தார். வீசா மறுக்கப்பட்டது, கட்டிய பணமும் திரும்பவில்லை. பல்கலைக்கழகக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் முழுநேரப் பாடநெறியொன்றில் உடனே சேர்த்துவிடுவதே புத்தி. விண்ணப்பித்துவிட்டோம் என்று இடையில் நிறுத்தவும் கூடாது. முடிவு வரும் நாளிலும் படித்துக் கொண்டிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நிக்காஹ் முடித்தவருக்கு மட்டுமல்ல, திருமணம் நிச்சயிக்கப்பட்டவருக்கும் இந்த வீசா இல்லை.

அடுத்தது பணம். உணவு, உடை, உறைவிடத்துக்குப் பிள்ளை பெற்றோரையே நம்பியிருப்பதைக் காட்ட வேண்டும். வங்கி மூலம் மாதாமாதம் அனுப்பியவருக்குத் துண்டு இருக்கும். உண்டியலில் அனுப்பியவர் எதைக் காட்டுவார்? நாணய மாற்றில் நாலு காசு மிச்சம் பிடித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உடல் அல்லது உளக் குறைபாட்டால் உழைக்க முடியாத பிள்ளைக்கு இந்தப் படிப்பு நிபந்தனை கிடையாது.

கனடாவிலுள்ள உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுப்போரும் உண்டு. அங்கே 22 ஐத் தாண்டியும் முழுநேரம் படிக்கும் பிள்ளையை முன்பு சேர்க்க முடிந்தது. 2014 ஓகஸ்ட் 1 இல் அந்தச் சலுகை நீங்கி, 19 வயதுக்குக் குறைந்தவர் மட்டும் என்றானது. 2017 ஒக்டோபரில் வயதெல்லை 22 க்குத் திரும்பியது, படிப்புச் சலுகை திரும்பவில்லை. ஆகவே டொரொண்டோக் கதையை மெல்பேர்ன் விண்ணப்பத்துக்குப் பொருத்தாதீர்கள். பிள்ளை உயர்தரம் எழுதுவதற்கு முன்பே, பதிவுபெற்ற குடிவரவு முகவர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டிக் கேளுங்கள்.