மனித வியாபாரம்: நாட்டுக்கு வரவா, இழப்பா?

வெளிநாட்டுக்கு ஆள் போனால் நாட்டுக்குப் பணம் வரும் என்பது நம் கிராமங்களில் பலரது எண்ணம். அதில் உண்மை உண்டு. 2024ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய தொகை 650 கோடி அமெரிக்க டொலருக்கு மேல்.

ஆனால் விரும்பி, முறைப்படி வேலைக்குச் செல்வது வேறு. ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய் ஒருவரின் உழைப்பைச் சுரண்டுவது வேறு. பின்னையதே மனித வியாபாரம். அது நாட்டுக்கு வரவல்ல, இழப்பு. எவ்வாறு என்று பார்ப்போம்.

1. குடும்பத்தின் இழப்பு

உபமுகவருக்குக் கொடுக்க ஒரு குடும்பம் ஐந்து இலட்சம் ரூபாவை, மாதம் நூற்றுக்கு நான்கு ரூபா வட்டிக்குக் கடன்படுவதாக வைத்துக்கொள்வோம். போனவருக்குச் சம்பளம் கிடைக்காவிட்டாலும் மாத வட்டி 20,000 ரூபா. ஒரு வருடத்தில் வட்டி மாத்திரம் 240,000 ரூபா. அடகு வைத்த நகை மூழ்கும். காணி கைமாறும். பிள்ளையின் படிப்பு நிற்கும்.

2. கிராமத்தின் இழப்பு

ஊரில் திரட்டிய பணம் ஊரில் சுழலாமல் தரகர் கைக்குப் போகிறது. வயலுக்கும் தொழிலுக்கும் வேண்டிய இளவயதினர் போகின்றனர். நோயோடும் மனக்காயத்தோடும் திரும்புபவர் உடனே உழைக்க முடிவதில்லை.

3. நாட்டின் இழப்பு

உழைப்பவர் கைக்கு வராத சம்பளம் நாட்டுக்கும் வராது. கட்டாய உழைப்பினால் உலகில் ஆண்டுதோறும் 23,600 கோடி டொலர் சட்டவிரோத இலாபம் பெறப்படுவதாகச் சர்வதேச தொழிலாளர் தாபனம் 2024இல் மதிப்பிட்டது. உண்மையில் அது தொழிலாளரிடம் சேரவேண்டிய பணம்.

அண்மைய ஆண்டுகளில் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்ற நம் நாட்டு இளைஞர் பலர், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2024இல் பலர் மீட்கப்பட்டனர். கணினி கற்ற அவர்களின் திறமையால் நாடு பயனடையவில்லை. மீட்பு, விசாரணை, சிகிச்சை ஆகியவற்றின் செலவோ பொதுப்பணத்தில் விழுகிறது.

நாம் செய்யக்கூடியவை

போகவேண்டாம் என்று தடுப்பது தீர்வல்ல. ஏமாறாமல் போக உதவுவதே தேவை.

• முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.
• சுற்றுலா விசாவில் வேலைக்குப் புறப்படாதீர்கள்.
• ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் வாசித்தறிந்து, பிரதியை வீட்டில் வையுங்கள்.
• கடன்படுமுன் மாதர் சங்கத்திலோ கடனுதவிச் சங்கத்திலோ கலந்து பேசுங்கள்.

கலந்துரையாட

1. நமது ஊரில் வெளிநாடு செல்வதற்காகப் பட்ட கடன்களில் எத்தனை தீர்ந்துள்ளன?
2. ஏமாற்றப்பட்டுத் திரும்பியவரைப் பழிக்காமல், மீண்டும் தொழிலில் நிலைநிறுத்த நமது சங்கம் என்ன செய்யலாம்?